படிக்கிறேன், மனதில் நிற்கவில்லை: பெரியவர்களின் வாசிப்புச் சிக்கலை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதுபவர், தொலைதூரக் கல்வியில் பட்டம் படிப்பவர், குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர், பதவி உயர்வுக்காகத் துறைத் தேர்வு எழுத வேண்டியவர். மாலை வகுப்புக்கு வரும் இவர்கள் அனைவரின் புகாரும் ஒன்றுதான்: "படிக்கிறேன், மனதில் நிற்கவில்லை." காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். வயதாகிவிட்டது, ஞாபகசக்தி போய்விட்டது. வல்லாரை லேகியம் வரை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

நான் பார்த்த வரையில் ஞாபகசக்தியின் மேல் விழும் பழியில் பெரும்பகுதி வீண் பழி. படித்தது மனதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்தானே நிற்பதும் மறப்பதும்? போகிற வழியிலேயே, மொழியில் எங்கோ ஓரிடத்தில், அறுந்துபோயிருக்கிறது. எந்த இடம் என்று பார்க்காமல் "இன்னும் நான்கு தடவை படி" என்று சொல்லி அனுப்புவது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேலை. ஒரு முறை படித்துப் புரியாதது நான்கு முறை படித்தால் புரிந்துவிடாது. அலுப்புதான் மிஞ்சும்.

கீழே அறிகுறிவாரியாகத் தந்திருக்கிறேன். உங்களுக்கோ உங்கள் மாணவருக்கோ பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். முதலில் உள்ள இரண்டு சோதனைகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

தொடங்கும் முன்: கண்ணும் காதும்

முதல் சோதனை கண்ணுக்கு. நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து வருவது இயல்பு. புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறீர்களா? பகலில் படிக்க முடிகிற எழுத்து மாலையில் மங்குகிறதா? வேறு எதையும் செய்வதற்கு முன் கண் பரிசோதனைக்குப் போய் வாருங்கள். தமிழில் இது அற்ப விஷயம் இல்லை. எழுத்துகளிலேயே மிகச் சிறியது புள்ளி. அது மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். நகலின் நகலை எடுத்து விற்கப்படும் நோட்ஸ்களில் புள்ளி பாதி அழிந்தே இருக்கும். கண்ணும் மங்கி, நகலும் மங்கினால், மூளையின் உழைப்பெல்லாம் சொல்லைக் கண்டுபிடிப்பதிலேயே தீர்ந்துபோகும். பலரது "ஞாபகமறதி" ஒரு வாசிப்புக் கண்ணாடியோடு பாதி தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது சோதனை காதுக்கு. ஒரே பாடத்திலிருந்து ஏறக்குறைய ஒரே கடினத்தில் இரண்டு பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நீங்களே மௌனமாகப் படியுங்கள். மற்றொன்றை வீட்டில் ஒருவர் நிதானமாக வாசிக்க, நீங்கள் கேளுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் இருந்ததை உங்கள் வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1986இல் ஃபிலிப் கோஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்வது இரண்டு திறன்களின் பெருக்கல் என்றார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டலாக இருந்தால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான்.

கேட்ட பத்தி புரிந்து, படித்த பத்தி புரியவில்லை என்றால் அடுத்த பகுதியைப் பாருங்கள். இரண்டுமே புரியவில்லை என்றால் அதற்கடுத்த பகுதி உங்களுக்கானது. என் வகுப்பில் பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தில்தான் விழுகிறார்கள். இரண்டும் புரிந்தும் தேர்வில் சறுக்குகிறதென்றால் பின்பகுதிக்குப் போய்விடலாம்.

அறிகுறி: வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது

உரக்கப் படிக்கச் சொல்லி, எங்கே தடைபடுகிறது என்று கவனியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கும் 247 எழுத்துகளும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். தனி எழுத்தில் அவர் நிற்பதில்லை, நீண்ட சொல்லில்தான் நிற்கிறார்.

உதாரணமாக "நிறைவேற்றப்படாததால்" என்ற சொல். வேகமில்லாத வாசகர் "நிறைவேற்ற" வரை எழுத்துக்கூட்டுவார். மீதியை ஊகித்து "நிறைவேற்றப்பட்டதால்" என்று முடித்துவிடுவார். பார்வைக்கு ஓரிரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் பொருள் தலைகீழ். கோரிக்கை நிறைவேறவில்லை என்று பத்தி சொல்ல, நிறைவேறிவிட்டது என்று எண்ணிக்கொண்டே அடுத்த வரிக்குப் போகிறார். அடுத்த வரியில் போராட்டம் நடக்கிறது. ஏன் நடக்கிறது என்று அவருக்கு விளங்குவதில்லை. தமிழில் ஒரு வினைச்சொல்லின் உயிர் அதன் வாலில் இருக்கிறது. காலம், எதிர்மறை, யார் செய்தது, எதனால், எல்லாம் கடைசியில்தான் ஒட்டிக்கொள்கின்றன. ஊகமும் துல்லியமாக அந்த வாலில்தான் நடக்கிறது.

எழுத்துக்கூட்டுவதற்கே மனதின் இடம் முழுவதும் செலவானால், பொருளைப் பிடித்துவைக்க இடம் மிஞ்சாது. வரியின் தொடக்கம் மறந்துபோவதன் காரணம் இதுதான். வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, உங்கள் பாடநூலிலிருந்தே நீண்ட சொற்களைப் பொறுக்கி, வாலிலிருந்து பிரித்துப் பழகுங்கள். படாத, இராத, முடியாத, கூடாத, அல்லாத, இல்லாத, அன்றி, இன்றி. இந்த எதிர்மறைக் கூட்டத்தைக் கண்டதும் பென்சிலால் வட்டம் போடும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும். இரண்டாவது, ஒரே சிறு பகுதியைத் திரும்ப உரக்கப் படிப்பது. நூறு, நூற்றைம்பது சொல் போதும். அது சீராக ஓடும் வரை மூன்று நான்கு முறை படித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். 1979இல் சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் விவரித்த முறை இது, இன்றும் வகுப்பறைகளில் புழங்குகிறது. மேலே நான் திட்டிய "நான்கு தடவை படி" இது இல்லையா என்று கேட்கலாம். இல்லை. அது புரியாத பாடத்தைப் புரியவைக்கச் சொல்லப்படுகிறது. இது புரிந்த எளிய பகுதியை வைத்து வாயையும் கண்ணையும் பழக்குவது. அதனால் கடினமான பாடத்தை இதற்கு எடுக்காதீர்கள், செய்தித்தாளின் சிறு செய்தி போதும்.

அதிவேக வாசிப்பு வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். கண் அசைவு ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட கீத் ரேனரும் சக ஆய்வாளர்களும் 2016இல் இந்த வகைப் பயிற்சிகளை அலசினார்கள். வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறைகிறது, இரண்டையும் சேர்த்துக் கூட்டும் குறுக்குவழி இல்லை என்பதே அவர்களின் முடிவு.

அறிகுறி: தடங்கலின்றிப் படிக்கிறார், என்ன படித்தார் என்று கேட்டால் தெரியவில்லை

ஆசிரியர்களை ஏமாற்றும் அறிகுறி இது. உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், நிறுத்தம் சரியாக இருக்கும். "நன்றாகப் படிக்கிறாரே, கவனம்தான் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம்.

இங்கே இன்னொரு சிறு சோதனை தேவை. புரியாத அதே பத்தியை, ஒரு தகவலும் விடாமல், வீட்டில் பேசுகிற தமிழில் யாரையாவது சொல்லச் சொல்லுங்கள். இப்போது புரிந்துவிட்டால் குறை எழுத்துத் தமிழில் இருக்கிறது. அப்படிச் சொல்லியும் புரியவில்லை என்றால் குறை விஷய அறிவில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

எழுத்துத் தமிழை முதலில் பார்ப்போம். நாம் எல்லோரும் பேசி வளர்ந்தது ஒரு தமிழ், பாடநூலில் இருப்பது வேறு தமிழ். பத்து வயதில் பள்ளியை விட்டவருக்கு இரண்டாவது தமிழோடு பழக்கமே அற்றுப்போயிருக்கும். கலைச்சொற்கள் பெரிய இடையூறு அல்ல. "ஒளிச்சேர்க்கை" எல்லோருக்கும் புதிது என்பதால் ஆசிரியரும் விளக்குவார், நூலிலும் விளக்கம் இருக்கும். ஆளைக் கவிழ்ப்பவை நடுவாந்திரச் சொற்கள்: ஏதுவாக, பொருட்டு, எய்திய, மேற்கொண்ட, வரையறுத்த, உள்ளடக்கிய, இன்றியமையாத, ஈட்டிய. இவற்றை யாரும் வீட்டில் பேசுவதில்லை, வகுப்பில் விளக்குவதும் இல்லை. கேள்விப்பட்டது போல இருப்பதால் படிப்பவரும் நிற்காமல் கடந்துவிடுகிறார்.

இந்த அரைகுறை அறிமுகம்தான் ஆபத்து. அமெரிக்காவில் டேவிட் ப்ரேஸும் உடனாய்வாளர்களும் 16 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் கணக்கில் எடுத்த பிறகும் வாசிப்புப் புரிதலில் சொல்வளத்துக்குத் தனிப் பங்கு இருப்பதைக் காட்டினார்கள். ஒரு சொல்லைத் தெரியும் என்பதில் எத்தனையோ படிகள் உண்டு. "பொருட்டு" தெரியுமா என்று கேட்டால் தலையாட்டுவார்கள். ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றால் அமைதி. அதுவே சோதனை: வாக்கியம் அமைக்க முடியாத சொல் இன்னும் உங்களுடையதாகவில்லை.

நோட்டில் சொல்லுக்கு எதிரே பொருள் எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சொல் வந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே உங்கள் வேலையைப் பற்றி அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் "துணி சுருங்காமல் இருக்கும் பொருட்டு முதலில் நனைத்து உலர்த்துகிறேன்" என்று எழுதினார். அந்தச் சொல் அதன்பின் அவரை விட்டுப் போகவில்லை. வாரத்துக்கு ஐந்தாறு சொல்லே அதிகம்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. சொல்லெல்லாம் தெரிந்தும் வாக்கியம் நழுவுவது தமிழில் சாதாரணம். அரசு அறிவிப்பு நடையில் ஒரு வாக்கியம்:

"சொத்துவரியை உரிய காலத்தில் செலுத்தத் தவறியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பெற்ற அலுவலர், நிலுவைத் தொகையைத் தவணையில் செலுத்த முன்வருபவர்களுக்கு அவகாசம் அளிப்பதைத் தவிர்க்கக் கூடாது."

இது என்ன சொல்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் தரும் பதில்: "வரி கட்டாதவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பார்கள்." வாக்கியமோ, தவணை கேட்பவர்களுக்கு அவகாசம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. ஏன் இந்தத் தவறு? எழுவாயான "அலுவலர்" பதினோராவது சொல். அதற்கு முன் உள்ள பத்துச் சொற்களும் அந்த அலுவலர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் அடைமொழி மட்டுமே. ஆனால் அந்தப் பத்துச் சொற்களுக்குள்ளேயே ஒரு முழுக் கதை இருப்பதால், படிப்பவர் அதையே வாக்கியமாக எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடுகிறார். கடைசியில் வரும் "தவிர்க்கக் கூடாது" இரட்டை எதிர்மறை. அங்கே போய்ச் சேரும்போது கவனம் தீர்ந்திருக்கிறது.

இப்படிப்பட்ட வாக்கியத்தைக் கடைசியிலிருந்து திறக்க வேண்டும். முதலில் வினைமுற்றுக்குப் போங்கள்: தவிர்க்கக் கூடாது. எதை? அவகாசம் அளிப்பதை. அப்படியென்றால் அளிக்க வேண்டும். யார்? அலுவலர். யாருக்கு? தவணையில் கட்ட முன்வருபவர்களுக்கு. வாக்கியம் இவ்வளவுதான். எந்த அலுவலர் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இப்படி ஒரு வாக்கியம் பிரித்தால் போதும். ஒரு நீள வாக்கியத்தை மூன்று சிறு வாக்கியமாக எழுதிப் பார்ப்பது இன்னும் நல்லது.

இவ்வளவு நீள வாக்கியத்தை மனதில் தாங்கும் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மைதான். 1980இல் டேன்மன், கார்பென்டர் ஆகிய இருவரும் கல்லூரி மாணவர்களிடம் இதை அளக்க ஒரு சோதனை வகுத்தார்கள். வாக்கியங்களை வரிசையாகப் படித்துக்கொண்டே ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதிகம் வைத்திருந்தவர்களே வாசிப்புப் புரிதலிலும் முன்னே நின்றார்கள். ஆகவே நினைவுப் பயிற்சிச் செயலி ஒன்றை வாங்கிவிடலாமா? வேண்டாம். இத்தகைய பயிற்சிகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் 2013இல் எழுதியது இது: பயிற்சி செய்த விளையாட்டில் திறமை கூடுகிறது, வாசிப்புக்கு அது வந்து சேர்வதில்லை. கொள்ளளவைக் கூட்டுவதைவிடச் சுமையைக் குறைப்பதே நடக்கிற காரியம்.

மூன்றாவது, விஷய அறிவு. 1988இல் ரெக்ட், லெஸ்லி ஆகியோர் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தின் வருணனை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். நல்ல வாசிப்புத் திறன் இருந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியும் ஆட்டம் தெரிந்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பெரியவர்களிடம் இதைத் தினமும் பார்க்கலாம். பேருந்து நடத்துநர் ஒருவர் மோட்டார் வாகனச் சட்டப் பகுதியை ஒரே மூச்சில் படித்துவிட்டு எனக்கே விளக்கினார். அதே ஆள் புவியியல் பாடத்தில் இந்த வரியில் நின்றுவிட்டார்: "கோயம்புத்தூர் மழை மறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குறைந்த மழையே பெறுகிறது." இதில் கடினமான சொல் எது? ஒன்றும் இல்லை. ஆனால் காற்று அரபிக்கடலிலிருந்து வருகிறது, நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது, ஈரம் மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது என்ற படம் மனதில் இல்லாவிட்டால் வரி வெறும் ஓசைதான்.

இதற்கு மருந்து பாடத்துக்கு முன்பே கொடுக்க வேண்டியது. வரைபடத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். அதே தலைப்பு 6, 7, 8ஆம் வகுப்புப் பாடநூல்களில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் புத்தகமா என்று கூச்சப்படுபவர்களிடம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள் என்று சொல்லுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு வரியும் புரிகிறது, பத்தி புரியவில்லை

வரிகளுக்கு நடுவே உள்ள இணைப்பு அறுந்திருக்கிறது. இதைப் படியுங்கள்:

"1876இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் தானிய விலை ஏறியது. ஆயினும் துறைமுகங்களிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. இதுவே பஞ்சத்தின் கொடுமையை மிகுவித்தது."

கொடுமையை மிகுவித்தது எது? "மழை பொய்த்தது" என்பார்கள் பலர். "இது" என்ற சொல் முந்தைய வரியின் ஏற்றுமதியைச் சுட்டுகிறது. அவர்கள் அதைப் பார்க்காமல், பஞ்சம் என்றதும் தங்களுக்கு ஏற்கனவே தெரிந்த காரணத்தைப் போட்டுவிட்டார்கள். இன்னொன்று: "ஆயினும்" ஏன் அங்கே இருக்கிறது? உள்ளூரில் தானியம் இல்லாதபோது வெளியே அனுப்புவது நின்றிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுதப்படாமல் ஒளிந்திருக்கிறது. அதை வாசகரே இட்டு நிரப்ப வேண்டும். நன்றாகப் படிப்பவர்கள் இதைத் தெரியாமலே செய்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது, யாரும் சொல்லித்தரவும் இல்லை.

தமிழில் இந்தச் சுமை சற்றுக் கூடுதல். எழுவாயை அடிக்கடி விட்டுவிட்டு எழுதுகிறோம். வந்தார், வந்தது, வந்தன என்ற விகுதியை வைத்தே யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பழக வேண்டியது இவ்வளவு: இது, அவை, அவ்வாறு, இத்தகைய என்று வரும் இடத்திலெல்லாம் அது சுட்டும் சொல்லுக்குப் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். ஆயினும், எனினும், மாறாக, எனவே, ஆகையால், அதாவது ஆகியவற்றின் கீழ் கோடு போட்டு, "இதற்கு முன் என்ன எதிர்பார்த்தேன்?" என்று கேளுங்கள். இருவர் சேர்ந்து படித்தால் இன்னும் எளிது. பாலின்க்ஸர், பிரௌன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வகுத்த முறைப்படி, ஒருவர் பத்தியைச் சுருக்கிச் சொல்லி, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டு, குழப்பமான இடத்தைத் தெளிவுபடுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். அடுத்த பத்திக்கு மற்றவர் முறை. பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த முறை என்றாலும் பெரியவர்களிடம் கூடுதலாகவே எடுபடுகிறது. வாதாடப் பிடித்தவர்கள் அல்லவா.

அறிகுறி: படிக்கும்போது எல்லாம் தெளிவு, புத்தகத்தை மூடினால் ஒன்றும் இல்லை

இங்கே புரிதல் ஓரளவு நடந்திருக்கிறது; தனக்கு எவ்வளவு புரிந்தது என்ற மதிப்பீடுதான் பொய்யாக இருக்கிறது. கண் முன்னே பக்கம் இருக்கும்வரை எல்லாம் பழக்கப்பட்டதாகத் தெரியும். அதைப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். மஞ்சள் ஹைலைட்டர் இந்த மயக்கத்துக்கு நல்ல துணை. மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் எடைபோட்டபோது, கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் என்ற வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன.

ஒரு பக்கம் முடிந்ததும் மூடிவையுங்கள். வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் மூடிய புத்தகத்தோடு எழுதுங்கள். முதல் முறை நான்கு வரிகூட வராது, எரிச்சல் வரும். ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் நடத்திய சோதனையில், ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அறிகுறி: பாடம் தெரியும்; வினாவில் தவறுகிறது

வினாவும் வாசிப்புதான் என்பதை மறந்துவிடுகிறோம். குரூப் 4இல் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், அதாவது ஒன்றுக்கு 54 விநாடி. "பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது", "எவை தவறானவை அல்ல" என்ற வால்களை அவசரத்தில் கண் தாண்டிவிடும். முதல் அறிகுறியில் சொன்ன வட்டத்தை வினாத்தாளிலும் போடுங்கள்.

கூற்று, காரணம் வகை வினாக்கள் தனி ரகம். கூற்று: தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிக மழை பெறுகின்றன. காரணம்: தமிழ்நாட்டுக்கு நீண்ட கடற்கரை உண்டு. இரண்டும் உண்மை என்றதும் "காரணம் கூற்றை விளக்குகிறது" என்று குறித்துவிடுவார்கள். நடுவில் "ஏனெனில்" போட்டுச் சேர்த்துப் படித்துவிட்டு, மறுக்க முயலுங்கள். கேரளத்துக்கும் நீண்ட கடற்கரை உண்டு, அங்கே பெருமழை ஜூனில் அல்லவா தொடங்குகிறது? ஆகவே கடற்கரை விளக்கமாகாது, வடகிழக்குப் பருவக்காற்றுதான் விளக்கம். உண்மையா என்பது ஒரு கேள்வி, விளக்குகிறதா என்பது வேறொரு கேள்வி. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு மதிப்பெண் ஏறுவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

அறிகுறி: கண் ஓடுகிறது, மனம் வேறெங்கோ

முழுநாள் வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகம் திறந்தால் யாருக்கும் நடப்பதே. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். காலையில் இருபது நிமிடம் படியுங்கள். அதற்கும் சரிப்படவில்லை என்றால் மேலே இரண்டாவது அறிகுறியைத் திரும்பப் பாருங்கள். புரியாத எழுத்திலிருந்து மனம் தப்பி ஓடுவதும் இப்படித்தான் தெரியும்.

அறிகுறி: தமிழில் சரி, ஆங்கிலப் பாடநூலில் மட்டும் தடுமாற்றம்

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களின் குறை. பெரும்பாலும் இது சொல்வளக் கணக்கு. ஆங்கில நூல்களை உதவியின்றிப் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவைப்படும் என்று பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். மலைக்க வேண்டாம், உங்கள் ஒரே பாடத்தின் சொற்கள் அதில் சிறு பகுதிதான். அத்தியாயத்தை முதலில் தமிழில் எங்காவது படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். விஷயம் தெரிந்திருந்தால் பாதிச் சொற்களின் பொருள் இடம்பார்த்தே விளங்கும்.

இவற்றில் அடங்காதவை

பள்ளி நாள்களிலிருந்தே எழுத்து மாறித் தெரிகிறது, எவ்வளவு உழைத்தும் வேகம் வரவில்லை, கேட்டால் மட்டும் எல்லாம் புரிகிறது, குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். பயிற்சியை விட வேண்டாம், ஆனால் உளவியல் வல்லுநரிடம் முறையான பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" என்ற வகையையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தகுதியான சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற வசதிகளைக் கோரலாம். பாடத்தைப் பதிவு செய்து காதால் கேட்பது இவர்களுக்குப் பெரிய உதவி. அதைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நேற்று வரை சரளமாகப் படித்தவர் இன்று திடீரென எழுத்தைப் பார்த்தும் படிக்க முடியாமல் திணறினால், அல்லது பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், அது வாசிப்புக் கோளாறு இல்லை. பக்கவாதமாக இருக்கலாம். 108க்கு அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.